துரைசாமி, க.

1

இந்த வருடமும் வரிப்படிவம் வந்துவிட்டது. எங்கள் கட்டிடத்தின் கீழே வரிசையாக நிற்கும் தபால்பெட்டிகளில் என்னுடையது ஒன்பதாவது. அதன் வாய் கொஞ்சம் வளைந்திருக்கும். மழை பெய்தால் சாரல் உள்ளே போகும். மே மாத மழை, பாரீஸுக்கு வடக்கே இந்தப் புறநகரில், சொல்லாமல் வரும் சொந்தக்காரர் மாதிரி. உறையின் ஒரு மூலை நனைந்து என் பெயரின் கடைசி எழுத்து கரைந்திருந்தது.

பிரித்த கையோடு கையெழுத்துப் போடவில்லை. மேசையைத் துடைத்தேன். படிவத்தை விரித்தேன். என் மகள் விட்டுப்போன பிளாஸ்டிக் அடிக்கோலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, விரலை அதன்மேல் வைத்து, வாய்விட்டுப் படித்தேன். சம்பளத் துண்டுகள் பன்னிரண்டையும் பக்கத்தில் அடுக்கினேன். கூட்டினேன். மறுபடி கூட்டினேன். தேநீர் ஆறிப்போனது. எண்கள் ஒத்துப்போயின.

ஒத்துப்போனதும் ஒரு பெருமூச்சு வந்தது பாருங்கள், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

புதுச்சேரியில் இருந்துகொண்டு என்னுடைய இந்தக் குறிப்புகளைப் படிக்கும் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஒரு படிவத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று. இரண்டு வருடத்துக்கு முன்னால்வரை நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த வருடம்தான் முதல்முறையாக இந்த நாட்டில் வரிப்படிவம் ஏற்கெனவே நிரப்பப்பட்டு வந்தது. முதலாளி நேராக அரசாங்கத்துக்குச் சொல்லிவிடுவார், அரசாங்கம் அச்சடித்து அனுப்பிவிடும், நாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். சரிபார்த்து என்ற சொல் அதில் தடித்த எழுத்தில்தான் இருந்தது. ஆனால் நான் புதுச்சேரிக்காரி. அரசாங்கத்துத் தாளில், அதுவும் பிரெஞ்சில், அதுவும் அச்சில் இருப்பதைச் சரிபார்க்க நான் யார்? எங்கள் ஊரில் பிரெஞ்சுத் தாள் என்றால் துணியில் சுற்றிப் பீரோவில் வைப்பார்கள். யாரும் பிரித்துப் படித்து நான் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போட்டேன். வரி கொஞ்சம் கூடுதலாக வந்தது. வெங்காயம் ஏறுவதுபோல் வரியும் ஏறும்போலிருக்கிறது என்று கட்டினேன்.

2

இங்கே என்னை என் அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

என் பெயர் கலைச்செல்வி. அப்பா துரைசாமி, முதலியார்பேட்டையில் மில் வேலை பார்த்தவர், காலமாகிப் பல வருடமாகிறது. ஊரில் நான் து. கலைச்செல்வி. முன்னால் ஒரு புள்ளி வைத்த எழுத்தாகத்தான் அப்பா என்னோடு வந்தார், சைக்கிளின் முன்பாரில் உட்கார்ந்து வருகிற மாதிரி. பிரான்சுக்கு வந்ததும் அந்த ஓரெழுத்து விரிந்து குடும்பப்பெயராகிவிட்டது. நான் சுருங்கிப் பின்னால் ஓரெழுத்தாகிவிட்டேன். துரைசாமி, க.

"மதாம் துரைசாமி!" என்று முதல் நாள் வேலையிடத்தில் கூப்பிட்டபோது, வாசலில் அப்பா வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு துரை, ஒரு சாமி, இரண்டும் சேர்ந்த அந்த மனிதரின் பெயரைச் சுமந்துகொண்டு பதினேழு வருடமாக நான் அலுவலகத் தளங்களைத் துடைக்கிறேன். ஆமாம், துடைக்கிற வேலைதான். இதுவரை இந்தக் குறிப்புகளில் அதை நான் எழுதவில்லை. இலையுதிர்காலம் பற்றி எழுதினேன், ஆற்றின் மேல் பனிப்புகை பற்றி எழுதினேன். இன்றைக்கு எழுதாமல் கதை நகராது.

கணவர் இறந்து ஆறு வருடம். நானும் மகள் கயல்விழியும்தான். அவளைப் பள்ளியில் கயேல் என்பார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். தமிழ் அவளிடம் ஈரத்துணி போலத்தான் இருக்கிறது. இழுத்தால் வரும், காய்ந்தால் விறைக்கும். ஆனால் படிப்பில் கெட்டி. மருந்தாளர் படிப்புக்கு மேற்கே நாந்த் நகரத்தில் இடம் கிடைத்தது. உதவித்தொகை கிடைத்தால் மாணவர் விடுதியில் ஓர் அறையும் கிடைக்கும். அறை கிடைத்தால்தான் போக முடியும். வெளியில் வீடு பிடித்துப் படிக்க வைக்க என்னால் ஆகாது. இது எங்கள் இருவருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

போன வருடம் ஏப்ரலில் பதில் வந்தது. உங்கள் வருமானம் வரம்புக்கு மேல். உதவித்தொகை இல்லை.

கயல்விழி அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டுச் சொன்னாள்: "அம்மா, நீ பணக்காரி. ஏன் எனக்குச் சொல்லலே?"

விளையாட்டாகச் சொல்கிறாளா, சந்தேகமாகச் சொல்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினேன். பதினெட்டு வயது முகத்தில் எதுவும் கிடைக்காது.

3

எங்கள் கம்பெனியின் சம்பளப் பிரிவில் இருந்த பெண்மணி நல்லவர். வாசனைத் தைலமும் நிறைய பொறுமையும் பூசியவர். இரண்டு வருடத்துக்கு முந்தைய கோப்பைக் கணினியில் திறந்து, மேலும் கீழும் உருட்டிவிட்டு, "ஆ!" என்றார். பிரெஞ்சுக்காரர்கள் "ஆ" என்றால் தவறு அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். யாருடைய தவறு என்பது அடுத்த வாக்கியத்தில் வரும்.

அடுத்த வாக்கியம்: "இங்கே ஒரு தூப்லோன் இருந்திருக்கிறது. அதை நீக்கியிருக்கிறார்கள்."

தூப்லோன் என்றால் ஒரே ஆள் பட்டியலில் இரண்டு முறை வருவது. 'துரைசாமி, க.' என்று இரண்டு பதிவுகள் இருந்தனவாம். கணக்கை ஒழுங்குபடுத்திய யாரோ ஒருவர், ஒரே பெண்மணியை இரண்டு தரம் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். இரண்டு சம்பளமும் என் தலையில்.

"இன்னொரு துரைசாமி யார்?"

அவர் ஒரு பழைய விண்ணப்பத்தின் நகலை எடுத்துக் காட்டினார். க. துரைசாமி. எங்கள் ஊர்க் கையெழுத்து, ஆங்கில எழுத்தைக்கூட ஜிலேபி மாதிரி சுற்றும் கை. பார்த்தவுடன் புரிந்துவிட்டது. அந்த மனிதரின் பெயர் துரைசாமி. முன்னால் இருப்பது அவருடைய அப்பாவின் எழுத்து. ஊரில் போடுகிற மாதிரியே போட்டிருக்கிறார். இவர்கள் அதைத் திருப்பி, துரைசாமியைக் குடும்பமாக்கி, அப்பாவை அவருக்குப் பெயராக்கி, 'துரைசாமி, க.' என்று எழுதிக்கொண்டார்கள். என்னுடையதில் அப்பா முழுதாக, நான் ஓரெழுத்தாக. அவருடையதில் அவர் முழுதாக, அப்பா ஓரெழுத்தாக. தாளில் நாங்கள் ஒரே ஆள்.

இதை நான் அந்தப் பெண்மணிக்கு விளக்கினேன். கையை ஆட்டி, மேசையில் விரலால் எழுதிக் காட்டி, ஒரு தேநீர் நேரம் முழுக்க. அவர் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் கேட்டார்: "அப்படியென்றால் உங்கள் குடும்பத்துக்குப் பெயரே இல்லையா?"

குடும்பத்துக்குப் பெயரில்லை மதாம், ஆளுக்குத்தான் பெயர். இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது.

திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். மே போனது. ஜூன் போனது. போன் செய்தால் கணக்குப்பிரிவு என்றார்கள், கணக்குப்பிரிவு தலைமையகம் என்றது. ஜூலையில் திருத்தச் சான்று தயாராகிவிட்டது, ஆனால் கையெழுத்தாகவில்லை. அந்தச் சம்பளம் தன்னுடையதுதான் என்று அந்த மனிதர் எழுதித் தந்தால்தான் தலைமையகம் கையெழுத்துப் போடும். அவருக்கு இரண்டு கடிதம் அனுப்பி இரண்டும் திரும்பி வந்துவிட்டன. ஏழு மாதம் மட்டும் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே போய்விட்டாராம்.

"எந்த ஊர்?"

அவரோடு வேலை பார்த்த ஒரு மொரோக்கோக்காரர் ஞாபகம் வைத்திருந்தார். படகு ஓட்டுகிற இடம். பெயர் 'குப்பம்' என்று முடியும்.

விடுதி அறையை ஆகஸ்ட் கடைசிவரை வைத்திருப்பதாகப் பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். ஆகஸ்டில் எனக்கு ஊருக்கு வர ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தது. அவர் எழுதித்தர வேண்டிய தாளை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பெட்டியில் புடவைகளுக்கு நடுவே, மடிப்புக் கலையாமல் வைத்தேன்.

4

என் அம்மா தன் கணவர் பெயரைச் சொல்லமாட்டார். அவர் இருந்தபோதும் சொன்னதில்லை, போனபிறகும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைக் கைகாட்டுவார். நான் இல்லையென்றால் அட்டையை நீட்டுவார்.

அப்படிப்பட்டவரிடம் போய், "அம்மா, துரைசாமின்னு ஒருத்தரைத் தேடணும்" என்றேன்.

"ஐயையே! என்னாடி பேரை இப்படிப் போட்டு உடைக்கிற?"

விஷயத்தைச் சொன்னேன். பேத்தியின் படிப்பு என்றதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். மறுநாள் காலை பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம். மீன் பக்கம், போட் ஹவுஸ் இருக்கிற நோணாங்குப்பத்திலிருந்து வந்து விற்கும் அஞ்சலையை அம்மாவுக்குப் பல வருடமாகத் தெரியும். வஞ்சிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே அம்மா ஆரம்பித்தார். நான் குறுக்கே வரக்கூடாது என்று கண்ணாலேயே சொல்லிவிட்டார். இது அவருடைய வேலை.

"அஞ்சல, உங்க ஊர்ல ஃபிரான்ஸ் போயிட்டு வந்த ஆளு ஒருத்தர் இருக்காராமே."

"ஃபிரான்ஸ் போயிட்டு வந்தவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான். பேரச் சொல்லுக்கா."

"எங்க வூட்டுக்காரரு பேருதான்."

"உங்க வூட்டுக்காரரு பேரு எனக்கு எப்பிடிக்கா தெரியும்? மீன் வாங்க அவரா வந்தாரு?"

பக்கத்துக் கடைக்காரி இறால் உரித்தபடியே சேர்ந்துகொண்டாள். "கோவிந்தசாமியா?"

"பின்னாடி சரி. முன்னாடி வேற."

"ராமசாமி? குப்புசாமி? ரங்கசாமி?"

"இல்லடி. இந்த வெள்ளக்காரன் இருந்தானே, அவன நம்மாளுங்க என்னான்னு கூப்புடுவாங்க?"

"திருடன்னு" என்றாள் இறால்காரி.

மீன் பக்கம் மொத்தமும் சிரித்தது. ஐஸ் பெட்டி தூக்கிப்போன கூலிக்காரர்கூட நின்று சிரித்துவிட்டுப் போனார். அம்மாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "மரியாதையாடி!"

"தொர!" என்று கத்தினாள் அஞ்சலை. "தொரசாமி! அட, நம்ம தொப்பிக் கடை தொரசாமி. போட் ஹவுஸ் வாசல்லயே கடை. கலியமூர்த்தி மவன். அதுக்கா இவ்ளோ நேரம்? வஞ்சிரம் வேணுமா வேணாமா?"

கலியமூர்த்தி. க.

வஞ்சிரம் வாங்கினோம். வாங்காமல் வர முடியாது.

5

அன்று மதியமே டவுன் பஸ்ஸில் போனோம். போட் ஹவுஸ் வாசலில் வெயில் நின்று எரிந்தது. உள்ளே உப்பங்கழியில் படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. கரையில் மாங்காய்ப் பத்தையும் மிளகாய்த்தூளும். ஓலைத்தொப்பி, கூலிங் கிளாஸ், குழந்தைகளுக்குக் காற்றடைத்த வளையம் எல்லாம் தொங்கும் கடையில் நாற்பது வயது ஒல்லி மனிதர் ஒருவர். கடைக்குப் பின்னாலேயே வீடு.

"துரைசாமி நீங்கதானே?"

"நான்தான். தொப்பியா மேடம்?"

கம்பெனி பெயரைச் சொன்னேன். கையிலிருந்த தொப்பியை மெதுவாகத் திரும்ப மாட்டினார். வீட்டுப் பக்கம் ஒரு பார்வை போனது.

"யாரு அனுப்புனது?"

"யாரும் அனுப்பலைங்க. உங்க ஏழு மாசச் சம்பளம் என் பேர்ல ஏறிப்போச்சு. உங்களுதுன்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா எறக்கிடுவாங்க."

"ஏறுனா ஏறட்டுமே. நானா ஏத்துனேன்?"

"என் பொண்ணு படிப்பு நிக்குதுங்க."

ஒரு குடும்பம் வந்து வளையம் விலை கேட்டது, சொன்னார், போய்விட்டார்கள்.

"வரி போட்டுருவானா?"

"ஏழு மாசச் சம்பளத்துக்கு, அதுவும் தனி ஆளுக்கு, வரி வராது."

"திரும்பப் போனா ஏர்போர்ட்ல நிறுத்தி வச்சிருவானா?"

"எதுக்குங்க நிறுத்தறான்? நீங்க வேலைதானே பாத்தீங்க?"

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது என்னிடம். ஆனாலும் அவர் கை தாளின் பக்கம் வரவில்லை. நான் எடுத்துவைத்த தாள் கண்ணாடிகளுக்கு நடுவே கிடந்தது, காற்றில் படபடத்தது. ஒரு கருப்புக் கண்ணாடியை எடுத்து அதன்மேல் வைத்தேன். நாந்த் நகரத்து அறை ஒன்று அந்தக் கண்ணாடியின் கனத்தில் நின்றது.

அம்மா முன்னால் வந்தார். "தம்பி, உன் பேர என் வாயால சொல்ல முடியாது. எங்க வூட்டுக்காரரு பேரு. அந்தப் பேரு வச்சிருக்கற ஆளு எங்கள வெறுங்கையோட அனுப்பமாட்டாருன்னுதான் வந்தோம்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததும் உண்மை வெளியே வந்தது, கிசுகிசுப்பாக.

"யக்கா, அந்தப் பேப்பர்ல என்னா வேலைன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு" என்றேன்.

"அதான். இங்க எல்லாருக்கும் நான் பாங்குல வேலை பாத்ததாத்தான் தெரியும். வூட்ல அவளுக்கும் அதான் தெரியும்."

"பாங்குலதானே பாத்தீங்க?"

"பாங்குலதான். காலைல அஞ்சு மணிக்கு நான்தான் தொறப்பேன். மேனேஜர் வர்றதுக்குள்ள எல்லாம் பளபளன்னு இருக்கும்." அவர் என்னைப் பார்த்தார். என் விரல் நகங்களையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். "எங்க மாமனாரு இங்கதான் இருக்காரு. சொல்தா. பிரெஞ்சு தண்ணியா ஓடும். அவரு படிச்சிட்டாருன்னா..."

சொல்தா என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்.

"மாப்ளே, யாரு வந்திருக்கா?"

துரைசாமி சொல்லி முடிப்பதற்குள் மாமனாரே வந்துவிட்டார். அரைக்கால் சட்டை, தேய்த்த வெள்ளைச் சட்டை, முதுகு ஒரு கோடு. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்து, "அசேயே வூ, மதாம்" என்று உட்காரச் சொன்னார். கண்ணாடிக்கு அடியிலிருந்த தாளை அவரே எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஒரு தொப்பியை எடுத்துத் தன் தலையில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். வாசற்படியில் அவருடைய மனைவி வந்து நின்றாள், ஈரக்கையைத் துடைத்தபடி.

மாமனார் பிரெஞ்சிலேயே சத்தமாகப் படித்தார். கீழே கையெழுத்திட்டிருக்கும் நான். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை. இந்த நிறுவனத்தில். ஒவ்வொரு வரியையும் அணிவகுப்பில் நிறுத்துவது போல நிறுத்தி நிறுத்தி. அந்த வரி வந்தது.

"அஜான் தாந்த்ரெத்தியேன்."

நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். ஒரு படகு கரை தட்டும் நேரம்.

"அப்படின்னா என்னாப்பா?" என்று வாசற்படியிலிருந்து மகள் கேட்டாள்.

"அஜான்னா ஏஜென்ட்."

"ஏஜென்ட்டா?"

"ஆந்த்ரெத்தியேன்னா பேட்டி. உக்கார வச்சிப் பேசறது. பாங்குக்கு வர்றவங்கள உக்கார வச்சி, என்னா ஏதுன்னு விசாரிச்சு, பேட்டி எடுத்து உள்ள அனுப்பற வேலை." பிறகு என் பக்கம் திரும்பினார். "சரிதானே, மதாம்?"

அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். உரையாடல் ஒன்று. பேணிப் பராமரிப்பது இன்னொன்று. முன்னால் அஜான் என்று வந்துவிட்டால் இரண்டாவது மட்டும்தான். துடைப்பம், வாளி, நீலத் திரவம். இது அவருக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. ராணுவ முகாமில் தரை கழுவாத சிப்பாய் எந்த நாட்டில் இருக்கிறார்?

"சரிதாங்க முசியே" என்றேன்.

"நீங்களும் அதே வேலையா?"

"அதே வேலைதாங்க. பதினேழு வருஷமா."

"நல்ல வேலை" என்றார் அவர். கேலி கொஞ்சமும் இல்லை. பேனாவைத் தன் பையிலிருந்தே எடுத்தார். "போடு மாப்ளே. முதல்ல படிச்சேன், ஒத்துக்கறேன்னு கைப்பட எழுதணும். அப்புறம்தான் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுது."

துரைசாமி எழுதினார். நெற்றி வியர்வை தாளில் விழாமல் தலையைச் சாய்த்து எழுதினார். கையெழுத்தைத் தமிழில் போட்டார். க. துரைசாமி. அப்பா போனபிறகு அந்தப் பெயர் ஈர மையில் எழுதப்படுவதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஊதிக் காயவைத்தேன்.

கிளம்பும்போது கயல்விழிக்கு என்று ஒரு ஓலைத்தொப்பி கொடுத்தார். காசு வாங்கமாட்டேன் என்றார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது, பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஏஜென்ட்டாம்!"

பஸ்ஸில் அம்மா அரியாங்குப்பம் வரைக்கும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அந்தப் பெரியவரு நல்ல மனுசன்டி" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பேட்டியாமே!"

எனக்கு அந்தச் சிரிப்பு போதும். பதினேழு வருடமாக அம்மாவிடம் நான் சொல்லாததை அவர் அந்தச் சிரிப்பில் வாங்கி வைத்துக்கொண்டார்.

6

நேரு வீதிப் பக்கம் ஒரு கடையிலிருந்து சம்பளப் பிரிவுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். இயந்திரம் தாளை மெதுவாக விழுங்கி மறுபக்கம் துப்பியது. போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னார். தாள் இங்கேயே இருக்கிறதே என்று அம்மா கேட்டார்.

ஆகஸ்டில் பிரான்ஸ் கடையைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடும். எனக்குக் கொடுத்துவைத்திருந்தது, சம்பளப் பிரிவுப் பெண்மணி போகவில்லை. திருத்தச் சான்று தலைமையகத்தில் கையெழுத்தாகி எங்கள் வீட்டுக்குப் பதிவுத்தபாலில் வந்தபோது மாதம் முடியப் பத்து நாள்கூட இல்லை. நான் ஊரில், கயல்விழி பிரான்சில் தனியாக. வரி அலுவலகத்துக்கு அவளே போக வேண்டும்.

அன்று அவள் போனுக்காகக் காத்திருந்தேன். சாயங்காலம். ஆடி முடிந்தும் எங்கள் தெரு முனைக் கோயிலில் ஒலிபெருக்கி ஓயவில்லை. காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"அம்மா! அடிச்சிட்டார்!"

"யாரு?"

"அந்த முசியே. வரி ஆஃபீஸ்ல. ரொம்ப நேரம் பேசினேன், முதல்லே முடியாதுன்னார், நான் அழுதேன், அப்புறம் அடிச்சிட்டார்!"

என் பெண்ணை ஒருவன் கைநீட்டி அடித்திருக்கிறான், நான் ஐயாயிரம் மைலுக்கு இந்தப்பக்கம் நிற்கிறேன். "எங்கடி அடிச்சான்? போலீஸுக்குப் போ! யாராவது பாத்தாங்களா?"

"அம்மா? தாள்லே அடிச்சார். அந்த வட்டம். மை. டக்குன்னு."

சீல்.

"சீல் அடிச்சிட்டார்னு சொல்லணும்டி!"

"அதான் சொன்னேனே, அடிச்சிட்டார்ன்னு."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, ஒலிபெருக்கியில் கேட்கவில்லை. அம்மா ஓடிவந்து என்ன என்ன என்றார். சீல் அடிச்சாச்சும்மா என்றேன். "யார?" என்றார் அவர்.

திருத்திய வரிச்சீட்டை வைத்து உதவித்தொகை மறுபடி பார்க்கப்பட்டது. கிடைத்தது. அறையும். நான் ஊரிலிருந்து திரும்பிய மறுவாரமே நாந்த் போக வேண்டும் என்று கயல்விழி போனில் சொன்னாள். அவள் குரலில் இருந்தது சந்தோஷம் மட்டும்தான். என்னிடம் இருந்ததும் பெரும்பாலும் அதுதான். மிச்சம் கொஞ்சம் இருந்தது. அதை விமானத்தில் அழுதுகொள்ள வைத்துக்கொண்டேன்.

ஒன்று எழுத மறந்தேன். அந்த ஏழு மாதமும் இப்போது துரைசாமியின் பெயரில் சேர்ந்துவிட்டது. வயதானபிறகு அவருக்குப் பிரெஞ்சு அரசாங்கத்திலிருந்து ஒரு சிறு தொகை வரக்கூடும். சம்பளப் பிரிவுப் பெண்மணி சொன்னதைத் தமிழில் எழுதி அவருக்குத் தபால் போட்டேன். முகவரியில், க. துரைசாமி, ஏஜென்ட், என்று எழுதினேன்.

7

இரண்டு பெட்டி, ஒரு குக்கர், ஓலைத்தொப்பி. ரயிலில் நாந்த் போய் இறங்கினோம். விடுதியின் மூன்றாவது மாடியில் அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், அதன் பெயர் எனக்குத் தெரியாது. மெத்தைக்கு இன்னும் உறை போடவில்லை. அதன்மேல் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது, மாடிப்படியால் மட்டும் அல்ல.

விடுதிப் பொறுப்பாளர் ஒரு இளைஞர், சாவியோடும் தாளோடும் வந்தார். அறையில் என்னென்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று அச்சடித்த பட்டியல், இரண்டு பக்கம். கீழே கையெழுத்து. நிறைய மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று புன்னகையோடு சொல்லிப் பேனாவை நீட்டினார்.

கயல்விழி பேனாவை வாங்கவில்லை. தாளை வாங்கினாள்.

கதவருகே நின்று முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நாற்காலி, ஒன்று. நாற்காலியைப் போய்ப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள். அலமாரித் தட்டு, மூன்று. திறந்து எண்ணினாள். திரைச்சீலை, நல்ல நிலை. விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள், ஒரு கிழிசல், எழுதச் சொன்னாள். இளைஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், உதவிக்கு. நான் மரத்தைப் பார்த்தேன்.

"மேசை விளக்கு, ஒன்று" என்று பிரெஞ்சில் படித்தாள். மேசையைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இங்கே விளக்கு இல்லை."

"கொண்டுவந்து தருவார்கள்" என்றார் அவர். "அச்சடித்ததுதான் இது, எல்லா அறைக்கும் ஒரே மாதிரி. நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்."

"வந்தபிறகு போடுகிறேன்" என்றாள் என் மகள். குரல் உயரவில்லை. "இல்லையென்றால் இல்லை என்று திருத்தித் தாருங்கள். நீங்களும் கையெழுத்துப் போடுங்கள், தேதியோடு."

அவர் விளக்கைத் தேடிக் கீழே போனார். மூன்று மாடி. கயல்விழி தாளை மேசைமேல் வைத்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். "அம்மா, உனக்கு ரயில் நேரம் ஆச்சு" என்றாள், தலை நிமிராமல்.

"அடுத்த ரயில்ல போறேன். நீ படி" என்றேன்.

சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தேன்.